இடிக்க வேண்டிய வீடு

அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, வாசலில் நின்று முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"ஊர்ல தீப்பிடிச்சு, காத்து மேற்கேருந்து அடிச்சா, இந்த வீட்டைத்தான் இடிக்க வேண்டியிருக்கும்மா. முன்னாடியே சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். சொல்லிவிட்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

எனக்குக் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஒன்றும் புரியாமல் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். "கிணத்துல இப்ப தண்ணி எத்தனை ஆழத்துல கிடக்கு?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருந்த என் மாமியார் எழுந்து வந்து, செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அவர் நின்ற இடத்தில் கொட்டினார்.

"பயர்க்காரனுக்கு எதுக்கு அம்மணி தண்ணி குடுத்தே? கரிநாக்கு. அவன் வாயில வந்தா நடந்துரும்."

தீயணைக்கிற வேலைக்காக ஊரே அவரைப் பயர்க்காரர் என்றுதான் சொன்னது. அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வெள்ளைக்காரன் காலம் அது. சேலத்துக்குத் தெற்கே, தெருவுக்குத் தெரு தறி ஓடும் ஊர் எங்களுடையது. பனையோலைக் கூரைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல் நிற்கும். வெயில் ஏறிவிட்டால் எங்காவது ஒரு வீடு எரியும். நகரசபையிடம் ஒரு கைப்பம்பு இருந்தது. வண்டிச் சக்கரத்தில் ஏற்றிய பம்பு. இருபுறமும் ஆட்கள் நின்று நீண்ட கட்டையை மாற்றி மாற்றி அழுத்தினால் கிணற்றுத் தண்ணீர் குழாய் வழியாகப் பீய்ச்சியடிக்கும். அந்தப் பம்புக்கும், அதை அடிக்கும் ஆட்களுக்கும் அவர் மேலாள். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். பட்டணத்தில் தீயணைப்பு வேலை பழகிவிட்டு வந்தவர் என்பார்கள். நாங்கள் 'ஊடு' என்போம்; அவர் 'வீடு' என்பார். அந்த ஓரெழுத்துக்காகவே அவரைக் கடைசிவரை அயலூர்க்காரராக வைத்திருந்தோம்.

எரிகிற தீயை அணைப்பதற்குத்தான் நகரசபை அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அவர் நினைப்பெல்லாம் இன்னும் பற்றாத தீயின்மேல் இருந்தது. "இன்னும் இருபது வருசத்துல" என்று ஆரம்பிக்காமல் அவர் பேசி நான் கேட்டதில்லை. இன்னும் இருபது வருடத்தில் ஊர் கிழக்கே வளரும், அங்கே இரண்டாவது பம்புக் கொட்டகை வேண்டும். இன்னும் இருபது வருடத்தில் மோட்டார் வைத்த பம்பு வரும், அது திரும்புகிற அகலத்துக்குத் தெருக்களை இப்போதே விட்டுவைக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு வரிசையாக ஓலையை எடுத்துவிட்டு ஓடு போட வேண்டும். இதையெல்லாம் ஆவேசமாகச் சொல்லமாட்டார். நூறாவது தடவை சொல்கிறவரைப்போல, பாதிக் குரலில், கேட்கிறவர் கேட்கமாட்டார் என்று தெரிந்தே சொல்வார். கேட்டுக்கொண்டிருந்தால் நமக்கும் தூக்கம் கண்ணைச் சுழற்றும்.

பம்பு வண்டியை இழுக்கத் தனி மாடு கிடையாது. குப்பை வண்டி மாடுகள்தான் அதற்கும். காலையில் குப்பை அள்ளிக்கொண்டு அவை ஊருக்கு வெளியே போய்விடும். தீ பகலில் வந்தால் மாட்டுக்கு எங்கே போவது என்று அவர் வந்த முதல் வருடத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். தனியாக ஒரு ஜோடி மாடு வாங்கலாம் என்று நகரசபையில் ஒவ்வொரு வருடமும் ஒத்துக்கொண்டார்கள். வாங்கவில்லை.

கார்த்திகையில் கோயில் முன்னால் சொக்கப்பனை கொளுத்துவார்கள். ஓலை சுற்றிய பனைமரம் வானத்துக்கு எரியும். பொறி நாலு தெருவுக்குப் பறக்கும். அதைக் குளத்து மேட்டுக்கு மாற்றிக் கொளுத்தலாமே என்று ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கேட்டார். "சாமி காரியத்துல உங்க பம்புக்கு என்னங்க வேலை?" என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் சண்டை போடவில்லை. ஒவ்வொரு கார்த்திகைக்கும் பம்பைத் தள்ளிக்கொண்டு வந்து, மரம் எரிந்து சாம்பலாகும்வரை பக்கத்தில் நின்றார். எல்லோரும் சாமியைக் கும்பிடும்போது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கூரைகளைப் பார்த்து நிற்பது பலருக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் எங்கள் வீட்டுக்குள் வந்து, ஒரு பெரிய துணியைத் தரையில் விரித்தார். எங்கள் தறியில் நெய்த முரட்டுத் துணிதான். கஞ்சி போட்டு விறைக்கவைத்து, அதில் ஊரை வரைந்திருந்தார். கிணறுகள் நீலம். ஓலைக் கூரைகள் சிவப்பு. இன்னும் போடாத தெருக்களுக்குப் புள்ளி புள்ளியாகக் கோடு. என் மாமியாருக்குக் கோபம் ஒருபக்கம் இருந்தாலும் ஆசை விடவில்லை. குனிந்து பார்த்து, "நம்ம ஊடு எங்கிருக்குது?" என்று கேட்டார்.

அவர் ஒரு வெற்றிடத்தில் விரலை வைத்தார். "இதான்மா. இருபது வருசம் கழிச்சு ஊர் எப்படி இருக்கணும்னு வரைஞ்சது. அதனால உங்க வீடு இல்லாம வரைஞ்சிருக்கேன்."

என் வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். நல்ல மனிதர்தான், அன்று முகம் சிவந்துவிட்டது. "இத்தனை ஊடு இருக்க எங்க ஊடு என்னங்க பாவம் பண்ணுச்சு?"

அவர் பொறுமையாக விளக்கினார். எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஒரு சின்னச் சந்து இருந்தது. தெரு எரிந்தால் தீ அந்தச் சந்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். எங்கள் வீட்டையும் எடுத்துவிட்டால், சந்தும் வீட்டு மனையும் சேர்ந்து ஓலைத்தீ தாண்ட முடியாத அகலமாகிவிடும். அதற்குக் கிழக்கே இருக்கும் தெருக்கள் எல்லாம் பிழைக்கும்.

"தீ வந்த பிறகு எந்த வீட்டை இடிக்கலாம்னு யோசிச்சா, கேக்க ஆளில்லாத ஏழை வீட்டைத்தான் இடிப்பாங்க. முன்னாடியே முடிவு பண்ணி வச்சுட்டா, சரியான வீட்டை இடிக்கலாம்" என்றார்.

"நாங்களும் ஏழைதானுங்களே" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமா" என்றார் அவர். துணியை மடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவருக்கு யாரும் 'வாங்க' சொல்லவில்லை. அவர் வருவதை நிறுத்தவில்லை. ஆனி பிறந்து மேல்காற்று கிளம்பினால் ஒருநாள் வாசலில் வந்து நிற்பார். வெளியே கொண்டுபோக வேண்டிய சாமான்களைக் கதவுப் பக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்வார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் அவரை யாரும் அழைக்கமாட்டார்கள். பந்தலுக்குள் நுழைந்ததும் விருந்து சமைக்கும் கோட்டை அடுப்பு எந்தப் பக்கம் என்று கேட்கிற மனிதரை யார் அழைப்பார்கள்?

ஒருமுறை என் வீட்டுக்காரர் வரி விஷயமாக நகரசபைக்குப் போனவர், கூட்டம் நடப்பதைப் பார்த்துப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். பயர்க்காரர் நின்றுகொண்டு தம் திட்டத்தை வாசித்துக்கொண்டிருந்தாராம். இடிக்க வேண்டிய வீட்டை நகரசபையே இப்போது விலைக்கு வாங்கிவிட வேண்டும். முடியாவிட்டால், இடித்த பிறகு நஷ்ட ஈடு கொடுப்பதாக முன்கூட்டியே தீர்மானம் எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டாராம்.

"எரியாத ஊட்டுக்கு நஷ்ட ஈடு குடுக்கறது எந்த ஊர்ச் சட்டமுங்க?" என்று சேர்மன் கேட்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

"சட்டம் இல்லைங்க. அதனாலதான் இப்பவே எழுதி வைக்கச் சொல்றேன்."

"அடுத்த கூட்டத்துல பாக்கலாம்" என்று முடித்துவிட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் முடியும் என்று அங்கிருந்த பியூன் சொன்னானாம்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் வெகுநேரம் தறியில் உட்காராமல் இருந்தார். "நமக்காகத்தான் பேசறான். ஆனா பேசறதே நம்ம ஊட்ட இடிக்கறதுக்கு. அந்த ஆள எந்தப் பக்கம் சேத்தறதுன்னே தெரியலியே" என்றார்.

தீ வந்தது யுத்த காலத்தில், ஓர் ஆடி மாதம், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். தெருவின் மேற்குக் கோடியில் சாயப்பட்டறை ஒன்று இருந்தது. அங்கே சாயம் காய்ச்சிய அடுப்பிலிருந்து கூரைக்குத் தாவிவிட்டது. மேல்காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு நாங்கள் வெளியே வந்து பார்ப்பதற்குள் நாலைந்து கூரைகள் சேர்ந்து எரிந்தன. குப்பை வண்டி மாடுகள் ஊருக்கு வெளியே இருந்தன. பயர்க்காரரும் அவர் ஆட்களும் பம்பு வண்டியைக் கயிறு கட்டித் தாங்களே இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஆடியில் கிணற்றுத் தண்ணீர் அடியில் கிடக்கும். பம்பு கொஞ்சம் தண்ணீரும் நிறையச் சேறுமாகக் கக்கியது.

பம்பை ஆட்களிடம் விட்டுவிட்டு, கொக்கிக் கழிகளும் கடப்பாரையும் தூக்கிய சிலரைக் கூட்டிக்கொண்டு அவர் எங்கள் வீட்டை நோக்கி நடந்து வந்தார். ஓடவில்லை, நடந்துதான் வந்தார்.

என் வீட்டுக்காரர் வாசல்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றார். "எங்க ஊடு எரியலியே! எரியற ஊட்டுக்குப் போங்க! அங்க போயி அணைங்க!"

பயர்க்காரர் தலையை நிமிர்த்தினார். ஓலை பறக்கும் திக்கைப் பார்த்தார். "கொஞ்ச நேரம்தான் இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் உள்ளே போனேன். டிரங்குப்பெட்டி, அரிசிப் பானை, நூல் மூட்டை எல்லாம் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தன. யார் சொல்லி அங்கே வைத்தேன் என்று யோசிக்க அப்போது நேரமில்லை. ஒவ்வொன்றாகத் தெருவில் எறிந்தேன். தறியில் பாதி நெய்த சேலை இருந்தது. அரிவாளை எடுத்துப் பாவு நூலை அறுத்தேன். நெய்கிற வீட்டில் பிறந்து நெய்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஓடுகிற பாவு நூலை அறுக்க என் கை அன்று எப்படி வந்தது என்று இன்றும் தெரியவில்லை. நெய்த துணியோடு நான் வெளியே வந்ததைப் பார்த்ததும் என் வீட்டுக்காரரின் கைகள் தாமாகக் கீழே இறங்கின.

மாமியார்தான் வரவில்லை. தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டார். "இடிக்கறதுன்னா எம்மேலயே இடிங்க" என்றார்.

பயர்க்காரர் உள்ளே போய்க் குழி விளிம்பில் குந்தினார். "அம்மா, நான்தான் சொல்லியிருந்தேனே."

"சொன்னியே சாமி" என்றார் மாமியார். "சொல்லிச் சொல்லியே கொண்டாந்துட்டியே." சொல்லிவிட்டு, தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினார்.

கொக்கிகளைக் கூரை உச்சியிலிருந்த மோட்டுவளையில் மாட்டி இழுத்தார்கள். கயிற்றின் முன்னால் நின்று இழுத்தவர் அவர்தான். கூரை ஒரே மூச்சில் உட்கார்ந்தது. ஓலையைத் தெருவை விட்டு வெகுதூரம் இழுத்துப்போட்டார்கள். மண்சுவர்களைத் தள்ளினார்கள். தறிக்குழி வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

தீ வரிசையாக வந்தது. எங்களுக்கு மேற்குப் பக்கத்து வீட்டைப் பிடித்து, அதன் கூரை பாதி எரிந்துகொண்டிருந்தபோது, காற்று படுத்துவிட்டது. ஆடிக் காற்று அப்படித் திடீரென்று படுப்பது அபூர்வம். அன்று படுத்தது. பம்பு ஆட்கள் சேற்றுத் தண்ணீரை அடித்து அந்தப் பாதிக் கூரையை அணைத்தார்கள். கிழக்கே ஒரு வீட்டுக்கும் சேதமில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாதிக் கூரை மிஞ்சியது. எங்களுக்கு மண்மேடு மிஞ்சியது.

அன்று மாலை அவர் எங்களைப் பம்புக் கொட்டகைக்கு ஒட்டி நகரசபை தமக்குக் கொடுத்திருந்த சின்ன வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவரும் அவர் மனைவியும் பாயைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு போக்கிடம் இல்லாததால் அங்கே தங்கினார், அவ்வளவுதான்.

மறுவாரமே ஊரில் பேச்சு மாறிவிட்டது. இடிக்காமலிருந்தாலும் அந்த வீடு எரிந்திருக்காது என்றார்கள். தம் திட்டத்தை நிரூபிக்க அவரே தீ வைத்திருப்பார் என்றுகூடச் சொன்னார்கள். நகரசபை விசாரணை வைத்தது. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அங்கத்தினர் ஒருவர், வக்கீல், எழுந்து கேட்டார்.

"நீங்க இடிக்காம இருந்திருந்தா அந்த ஊடு எரிஞ்சிருக்குமா, இருக்காதா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க."

எரிந்திருக்கும் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுக்க யாராலும் முடியாது. அவர் யோசித்துவிட்டு, "தெரியாதுங்க" என்றார்.

"தெரியாமத்தான் இடிச்சீங்களா?"

"ஆமாங்க. தெரியற வரைக்கும் நின்னா இடிக்க நேரம் இருக்காதுங்க."

கூட்டத்தில் சிரித்தார்கள். அவருக்கு அந்தச் சிரிப்பு கேட்டதாகவே தெரியவில்லை. அடுத்து என் வீட்டுக்காரரைக் கேட்டார்கள், உங்கள் சம்மதம் வாங்கினாரா என்று. "சம்மதம் கேக்கலீங்க" என்றார் அவர். பிறகு, "ஆனா சொன்னாருங்க. வருசா வருசம் வந்து சொன்னாருங்க. வேற யாருமே எங்களுக்கு எதையும் முன்னாடி சொன்னதில்லீங்க" என்றார். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

எரிந்த வீடுகளுக்கு மூங்கிலும் ஓலையும் அரிசியும் கொடுத்தார்கள். எங்கள் வீடு எரியாத வீடு, எங்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவர் திட்டத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: அந்த மனையில் இனிமேல் யாரும் வீடு கட்டக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். நாங்கள் பல வருடம் அலைந்த பிறகு ஊருக்குக் கிழக்கே ஒரு துண்டு நிலம் ஒதுக்கினார்கள். எங்கள் பழைய மனையில் தெருக்காரர்கள் பாவு நீட்டிக் காயவைக்கத் தொடங்கினார்கள். நல்ல அகலமான இடம், வசதியாக இருக்கிறது என்பார்கள்.

அவர் வீட்டில் தங்கியிருந்த அந்தச் சில மாதங்களில்தான் அவரைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவர் மனைவி ஒல்லியான, வாயாடியான பெண். "இவரோட சேந்து ஒரு கடைத்தெருவுக்குப் போக முடியாதுங்கக்கா. கூரை மேல கண் வைக்கிறாருன்னு கடைக்காரங்க வைவாங்க" என்பாள். "எங்களுக்குக் கொழந்தை இல்ல. இருந்திருந்தா அதுக்கும் இருபது வருசத்துக்குக் கோடு போட்டு வச்சிருப்பாரு." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

ஒரு காலையில் அவர் கொட்டகை வாசலில் பம்புக் குழாயைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மனதில் அரித்துக்கொண்டிருந்ததை நான் கேட்டுவிட்டேன்.

"எங்க ஊட்ட இடிக்கறப்ப உங்களுக்கு மனசு எப்படிங்க இருந்துச்சு?"

குழாயை உதறிக்கொண்டே சொன்னார். "இடிச்சாச்சுடான்னு இருந்துச்சும்மா. பத்து வருசமா மனசுக்குள்ள அதை இடிச்சுக்கிட்டே இருந்தேன். உங்க தெருவுல நடக்கிறப்ப எல்லாம். கையால இடிச்சது அன்னைக்கு ஒரு தடவைதான்."

தை பிறப்பதற்குள் அவரை வேலையிலிருந்து விலக்கி உத்தரவு வந்துவிட்டது. காரணமாக எங்களையே காட்டியிருந்தார்கள்: நகரசபை வீட்டில் வெளியாட்களைக் குடிவைத்தது தப்பு என்று. அதையும் அவர் எதிர்த்து எழுதவில்லை. சாவியையும், வரைந்த துணியையும், கொக்கிக் கழிகளையும் எண்ணி ஒப்படைத்தார். தனி மாடு வேண்டும் என்று புதிதாக வந்தவரிடமும் சொன்னார். வந்தவர் சரிங்க என்றார்.

ஆத்தூர் போகிற பஸ்ஸுக்கு அவர்களை ஏற்றிவிட நானும் போனேன். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடிய காலம். பின்னால் உயரமான கரியடுப்பைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, எங்களுக்கு முன்பாகவே என் வீட்டுக்காரர் அங்கே வந்து நின்றுகொண்டிருந்தார். வருவதாக அவர் என்னிடம் சொல்லவில்லை. அவர்களுடைய பெட்டியை வாங்கி, ஏணியில் ஏறிப் பஸ் கூரைமேல் வைத்துக் கட்டினார். கீழே இறங்கித் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் பேசாதவர் அப்போது கேட்டார்.

"இனி அங்க என்னங்க வேலை?"

"மச்சானோட தோப்பு ஒண்ணு இருக்கு. தண்ணி கட்டச் சொல்லியிருக்கார்."

"அப்பப்ப இந்தப் பக்கம் வாங்க."

"ம்" என்றார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

பஸ் உடனே கிளம்பவில்லை. கிளீனர் பின்னால் நின்று கரியடுப்பின் துருத்திக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டேயிருந்தான். கரி சிவந்து, அடுப்பின் வாயைத் திறந்த போதெல்லாம் பொறி கிளம்பிப் பறந்தது. பக்கத்திலேயே ஓலைக் கூரை போட்ட டீக்கடை. பொறிகள் அந்தக் கூரைக்கு மேலே போய்ப் போய் அவிந்தன. நான் கூரையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் கூரையைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஜன்னலைப் பார்த்தோம்.

அவர் கம்பியில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி எங்களைப் பார்த்து, எழுப்ப வேண்டாம் என்று கையைக் காட்டினாள். பஸ் உறுமிக் குலுங்கி நகர்ந்தது. அப்போதும் அவர் விழிக்கவில்லை.